மலை ஏறும் வண்டிக்கு எந்த ரப்பர்?

வத்தலக்குண்டில் கிளம்பும் வண்டி சுமார் 7,000 அடி உயரத்துக்கு ஏறினால்தான் கொடைக்கானல். பாதி வழி முதல் கியர், இரண்டாம் கியர்தான். இந்தப் பாதையில் என் மாமா 1967-ஆம் வருட மார்க்-2 அம்பாசிடரை இன்னும் ஓட்டுகிறார். (1930-க்குப் பின் வந்தது 'விண்டேஜ்' ஆகாதாம். மாமாவிடம் சொல்லிப் பாருங்கள்!)

போன கோடையில் இறக்கத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவு. பிரேக் அடித்ததும் ஃபேன் இறக்கை ரேடியேட்டரைக் கிழித்துவிட்டது. உள்ளே பாட்டி இருந்தார். "இதை எடைக்குப் போட்டுருங்க" என்று அத்தை முடிவாகச் சொல்லிவிட்டார்.

நண்பர்களே, குற்றவாளி இன்ஜின் மவுண்டிங். ஃபேன் இன்ஜினோடு, ரேடியேட்டர் பாடியோடு; நடுவே இருப்பது ரப்பர்தான். டைமிங் கவரில் கசிந்த ஆயிலைக் குடித்துக் குடித்து அது களிமண்ணாகியிருந்தது. பிரேக் பிடித்தால் இன்ஜின் முன்னால் பாயாமல் என்ன செய்யும்?

திண்டுக்கல்லில் ஸ்பேர் கடைக்காரர், "தம்பி, மலை வண்டியா? கெட்டி ரப்பரா போடுங்க, அசையவே அசையாது" என்றார். மாமாவுக்கும் அதுவே பிடித்தது. நியாயமும் உண்டு. முதல் கியரில் இன்ஜின் டார்க் ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. அதன் எதிர்விசையை மவுண்டிங்தானே தாங்க வேண்டும்.

ஆனால் ஐடிலிங்கை யோசியுங்கள். நான்கு சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக். சுற்றுக்கு இரண்டு வெடிப்பு, 750 ஆர்.பி.எம்.மில் வினாடிக்கு 25. ரப்பர்மேல் உட்கார்ந்த இன்ஜினின் இயற்கை அதிர்வெண் இதை √2-ஆல் வகுத்தால் வரும் சுமார் 17.7-க்குக் கீழே இருந்தால்தான் அதிர்வு பாடிக்குப் போவது குறையும். கெட்டி ரப்பர் போட்டால் அது மேலே ஏறிவிடும். 1931-ல் கிரைஸ்லர், பிளைமவுத் காரில் 'ஃப்ளோட்டிங் பவர்' கொண்டுவந்ததே இந்த உதறலை அடக்கத்தான். அம்பாசிடருக்குத் தனி சேஸிஸ் கிடையாது. அந்த உதறலைத் துருப்பிடித்த பழைய வெல்டுகள் எத்தனை நாள் தாங்கும்?

நியோப்ரீன் ஆயிலுக்கு அஞ்சாது. இயற்கை ரப்பர் மெத்தென்று உழைக்கும், ஆயில்தான் எமன். ஆகவே முதலில் டைமிங் கவர் சீலை மாற்றிக் கசிவை நிறுத்தினோம். பிறகு மிதமான இயற்கை ரப்பரையே எடுத்தோம். ரப்பர் இரும்புத் தகட்டோடு ஒட்டிய விளிம்பை நகத்தால் கிளப்பிப் பார்த்தேன். ஒரு ஜோடி அங்கேயே பிரிந்தது! உத்தரபாராவில் 2014-ல் உற்பத்தி நின்றுவிட்டதால் கடைகளில் கிடப்பவற்றில் எது எத்தனை வருடம் கிடந்ததோ.

முன்பக்கம் இரண்டையும் சேர்த்தே மாற்றினோம், கியர்பாக்ஸ் ரப்பரையும் விடவில்லை. போல்ட்டுகளை லேசாகப் பிடித்து, இன்ஜினைச் சற்று ஓடவிட்டு, அது தானாக உட்கார்ந்த பிறகுதான் மாமா ஸ்பேனரை இறுக்கினார்.