புள்ளி வைக்கும் கைகள்

ஆரோவில்லை ஒட்டிய ஊர் ஒன்றில், முந்திரித் தோப்புக்கு நடுவே ஓடு வேய்ந்த நீளமான கொட்டகை. உள்ளே மேசைகளின் இருபுறமும் பெண்கள் நின்று வேலை செய்கிறார்கள். ஒரு மூலையில் கணினியும் இங்க்ஜெட் பிரிண்டரும். எதிர் மூலையில் தேக்கு அச்சுக்கட்டைகள் அடுக்கிய அலமாரி. புதுச்சேரிக் கடைகளில் விற்கும் வாழ்த்து அட்டைகளில் ஒரு பகுதி இங்கே உருவாகிறது. ஐரோப்பாவுக்குப் போகும் கிறிஸ்துமஸ் அட்டைகளுக்கு ஆடி மாதமே வேலை தொடங்கிவிடும். கார்த்திகை பிறந்தால் பொங்கல் வேலை.

இங்கே செய்யும் ஒவ்வோர் அட்டையின் பின்புறமும் ‘கையால் செய்தது’ என்று அச்சாகிறது. பட்டறைக்குள் கணினி வந்த பிறகும் அந்த வாசகம் உண்மைதானா, எந்த அளவுக்கு உண்மை என்று தெரிந்துகொள்ளத்தான் போனேன்.

அட்டையின் கதை காகிதத்தில் தொடங்குகிறது. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமம் 1959-இல் கைக்காகிதப் பட்டறையைத் தொடங்கியதிலிருந்து இந்த வட்டாரத்துக்கு அந்தத் தொழில் பழக்கமானது. மூலப்பொருள் மரமல்ல, பருத்தி. பனியன் கம்பெனிகளில் வெட்டி எறியும் துண்டுகளைப் பொறுக்கித் தரம் பிரித்து, நூல் முடிச்சும் பிசிறும் நீக்கி, சிறிதாக நறுக்கி, பீட்டர் என்னும் தொட்டியில் தண்ணீரோடு மணிக்கணக்கில் சுழல விடுகிறார்கள். உருளையில் பதித்த தகடுகள் துணியைக் கிழித்து இழை இழையாகப் பிரிக்கும். அந்தக் கூழை நீர்மோர் போலக் கரைத்துவைத்து, வலைச்சட்டத்தை அதில் அமிழ்த்தி, மட்டமாகத் தூக்கி, முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஓர் அசைப்பு. தண்ணீர் வடிந்ததும் வலைமேல் தங்கும் ஈரப் படலம்தான் தாள். துணிமேல் கவிழ்த்து, அடுக்கி, அழுத்தி, காயவைத்து, உருளைகளுக்கு இடையே விட்டு மழமழப்பாக்குகிறார்கள்.

தஞ்சாவூரில் பிறந்த பொருளியல் அறிஞர் ஜே.சி.குமரப்பாவை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. 1934-இல் உருவான அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை வார்தாவிலிருந்து வழிநடத்திய அவர் அக்கறையோடு வளர்த்த தொழில்களில் கைக்காகிதமும் ஒன்று. ஜெய்ப்பூரை அடுத்த சாங்கானேரில் இருக்கும் தேசியக் கைக்காகித நிறுவனத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். கழிவுத் துணியிலிருந்து ஊருக்குள்ளேயே பலருக்கு வேலை தரும் பொருள் ஒன்று பிறப்பது அவர் பொருளியலுக்குக் கண்கூடான சாட்சி.

பட்டறைக்கு வரும் தாள் 22 அங்குலத்துக்கு 30 அங்குலம். மடித்தால் 5-க்கு 7 ஆக வரும் அட்டையை ஒரு தாளில் 9 வெட்டலாம். இந்தத் தாளை மில் காகிதத்திலிருந்து பிரிக்கும் குணம் ஒன்று உண்டு. ஒரே கட்டில் வரும் இரண்டு தாள் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்று ஓரத்தில் தடித்திருக்கும், இன்னொன்று நடுவில் மெலிந்திருக்கும். வெட்டும் பெண் ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, இது அச்சுக்கு, இது பிரிண்டருக்கு, இது உறைக்கு என்று பிரித்து வைக்கிறார். நான் கவனித்த வரையில் பட்டறையின் முதல் தீர்மானம் அந்த மேசையில்தான் எடுக்கப்படுகிறது. பின்னால் வரும் எல்லா வேலையும் அவருடைய கண்ணை நம்பி நடக்கிறது.

அச்சு மேசையில் இருப்பவர்தான் பட்டறைக்கே மூத்தவர். கட்டை பிடித்துப் பிடித்து வலது உள்ளங்கை காய்த்திருக்கிறது. கட்டைகள் தேக்கில் செதுக்கியவை. செதுக்கி முடித்ததும் எண்ணெயில் ஊறப்போட்டால்தான் வெடிக்காமல் நிற்கும். கோலம், கரும்பு, கட்டுமரம், அன்னம், மாவிலைத் தோரணம் என வரிசையாக இருக்கின்றன. ரப்பர் அச்சுகளும் உண்டு. ஒளி பட்டால் இறுகும் பாலிமரில் செய்த, ஊடுருவிப் பார்க்கக்கூடிய புதுவகை அச்சுகளும் உண்டு. மரம் கடினம், ரப்பர் இளகல். மேடுபள்ளமான தாளில் மரக்கட்டை மேட்டில் மட்டும் பதிந்து பள்ளத்தை விட்டுவிடும். அதனால் தாளுக்கு அடியில் கம்பளித் துண்டு விரித்திருக்கிறார். எத்தனை மடிப்பு என்பதைத் தாளைத் தடவிப் பார்த்து முடிவு செய்கிறார்.

“ஓங்கி அடிக்கக் கூடாதும்மா. வச்சி, அழுத்தி, நேரா தூக்கணும். இம்மி அசைஞ்சாலும் ரெட்டைக் கோடு விழுந்துடும். தடிச்ச பேப்பருக்கு ஒரு அழுத்து, மெலிஞ்சதுக்கு ஒரு அழுத்து. அது கைக்கே தெரிஞ்சிடும்” என்றார்.

தமிழ் எழுத்தை அச்சில் வெட்டுவதில் உள்ள சிரமத்தை அவரிடம்தான் கற்றேன். எழுத்தை இடவலம் மாற்றி வெட்ட வேண்டும் என்பது எல்லா மொழிக்கும் பொது. நமக்குக் கூடுதலாகப் புள்ளி இருக்கிறது. எழுத்தின் கோடுகள் ஒன்றோடொன்று தொடர்ந்து நிற்பதால் மரத்தில் பிடிமானம் உண்டு. புள்ளி மட்டும் எந்தத் துணையும் இல்லாமல் தனியாக நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் குச்சி. முதலில் தேய்வதும் ஒடிவதும் அதுதான். ‘இனிய பொங்கல் வாழ்த்துகள்’ என்னும் அச்சில் ஐந்து புள்ளிகள். அவருடைய கட்டையில் இரண்டு ஒடிந்திருந்தன. கட்டையைத் தூக்கி எறியவில்லை. ஒவ்வோர் அட்டையிலும் அச்சு பதித்த கையோடு, முனை மழுக்கிய குச்சியை அதே மையில் தொட்டு, விட்டுப்போன இரண்டு இடத்திலும் புள்ளி வைத்துவிட்டு அடுத்த அட்டைக்குப் போகிறார். பார்த்துக்கொண்டே நின்றேன். அச்சு வைத்த புள்ளி எது, கை வைத்த புள்ளி எது என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

அடுத்த மேசையில் மினுக்கு வேலை. சீக்கிரம் காயாத கிளிசரின் மையில் அச்சுப் பதித்து, ஈரம் இருக்கும்போதே அதன்மேல் நுண்ணிய பிசின் தூளைத் தூவுகிறார்கள். தாளைக் கவிழ்த்துத் தட்டினால் ஒட்டாத தூள் டப்பாவுக்கே திரும்பிவிடும். பிறகு ஹீட் கன் என்னும் அனல் ஊதியைக் காட்டுகிறார்கள். தூள் உருகி, கோடு புடைத்து, பொன்னாகவோ வெள்ளியாகவோ பளபளக்கும். அனலை எடுக்க வேண்டிய கணம் ஒன்று இருக்கிறது. முந்தினால் தூள் சொரசொரப்பாகவே நின்றுவிடும். பிந்தினால் உருகியது தாளுக்குள் இறங்கிக் கோடு மங்கிவிடும், தாளும் கருகும். அந்தப் பெண் கடிகாரம் பார்ப்பதில்லை. கோட்டின் நிறம் மாறுவதை மட்டும் பார்க்கிறார்.

இனி கணினி மூலை. அங்கே இருப்பவர் பட்டப்படிப்பு முடித்த இளம்பெண். காகிதத்தில் வரைந்த கோட்டோவியத்தை ஸ்கேன் செய்து, கறை நீக்கி, கோட்டைச் சீராக்கி, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அளவில் சேமித்து வைக்கிறார். அச்சுக்கட்டையில் கொண்டுவர முடியாத மெல்லிய கோடுகள் இதில் வரும். பெறுபவரின் பெயரை, ஒரே ஓர் அட்டைக்காகக்கூட, படத்தோடு சேர்த்து அடிக்கலாம். மரத்தில் அது கட்டுப்படியாகாது.

இந்த மூலையில் கைக்கு வேலை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் உட்கார்ந்தேன். பார்த்தது வேறு. கைக்காகிதத்தில் இழைத்தூசி இருக்கும். அது பிரிண்டரின் மை ஊதும் துளைகளை அடைத்துவிடும். எனவே ஒவ்வொரு தாளையும் மென்மையான பிரஷ்ஷால் துடைத்த பிறகே உள்ளே விடுகிறார். இயற்கையாக அமைந்த பிசிறு ஓரம் அட்டைக்கு அழகு, ஆனால் பிரிண்டரின் உருளைக்கு அது பிடிபடாது. உள்ளே நுழையும் பக்கத்தை மட்டும் நேராக வெட்டிவிட்டு, மற்ற ஓரங்களைக் காப்பாற்றுகிறார். தாள்களைக் கட்டாக வைக்க முடியாது, ஒவ்வொன்றாகத்தான் ஊட்ட வேண்டும். பக்கத்திலேயே கடல். ஐப்பசி மழையில் காற்றின் ஈரத்தைத் தாள் குடித்து உப்பி நெளியும். நெளிந்த தாளில் பிரிண்டரின் தலை உரசினால் மை இழுபட்டு அட்டை வீணாகும்.

“மழை நாள்ல பேப்பர் ஒரு பேச்சு கேக்காதுக்கா. முந்தின நாளே பலகைக்கு அடியில அழுத்தி வச்சிடுவேன். காலைல புறங்கையால தொட்டுப் பார்ப்பேன். ஜில்லுன்னு இருந்தா அன்னிக்குப் பிரிண்ட் கிடையாது” என்றார்.

மை விஷயத்திலும் அவருக்குத் திட்டவட்டமான கருத்து இருக்கிறது. சாயமாகக் கரைந்திருக்கும் மை, கோட்டின் மேல் நீர்வண்ணம் பட்டதும் கலங்கி ஓடும். நிறமித் துகள் கொண்ட பிக்மென்ட் மை காய்ந்த பிறகு அசையாது, வெயிலுக்கும் சீக்கிரம் வெளிறாது. விலை கூடுதல் என்றாலும் அதைத்தான் வாங்க வேண்டும் என்று வாதாடி வாங்கியிருக்கிறார். காரணம், அவர் அடித்துத் தரும் படத்தில் கோடு மட்டும்தான் இருக்கும். வண்ணம் அடுத்த மேசையில், தூரிகையால், ஒவ்வோர் அட்டைக்கும் தனித்தனியாகத் தீட்டப்படுகிறது.

அந்த மேசையைப் பார்த்தபோது 1843-ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. பிரிட்டனில் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் பென்னி தபால் வந்து மூன்று ஆண்டு கழிந்திருந்தது. லண்டனில் ஹென்றி கோல் என்பவர் நண்பர்களுக்கெல்லாம் தனித்தனியாகக் கடிதம் எழுத நேரமின்றி, ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் படம் வரைந்து வாங்கி, சுமார் 1000 அட்டைகள் அச்சடித்தார். விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை அது. விலை 1 ஷில்லிங். கல்லச்சில் கோடு அச்சாகி, வண்ணம் கையால் தீட்டப்பட்டது. எந்திரம் கோட்டைத் தர, கை வண்ணத்தைத் தர, இரண்டும் சேர்ந்தே வாழ்த்து அட்டை பிறந்திருக்கிறது. முந்திரித் தோப்புக் கொட்டகையில் இன்று நடப்பதும் அதே ஏற்பாடுதான். கல்லின் இடத்தில் கணினி இருக்கிறது.

ஆகவே கருவியை வைத்துக் கைவேலையை அளப்பதில் பயனில்லை என்பது என் முடிவு. தேக்குக்கட்டையும் கருவி, பிரிண்டரும் கருவி. எந்த இடத்தில் மனிதர் நின்று, கையில் உள்ள இந்த ஒரு தாளுக்கு என்ன தேவை என்று பார்த்துத் தீர்மானிக்கிறாரோ, அந்த இடத்தில் கைவேலை இருக்கிறது. தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது, கம்பளி மடிப்பைக் கூட்டுவது, அனலை எடுப்பது, ‘அன்றைக்குப் பிரிண்ட் கிடையாது’ என்று சொல்வது எல்லாமே அப்படிப்பட்ட தீர்மானங்கள். கடைசியில் மடிப்பவரும் விலக்கல்ல. கனமான தாளை நேரடியாக மடித்தால் இழை வெடித்து மடிப்பு பஞ்சு பஞ்சாகிவிடும். எலும்பால் செய்த மழுங்கல் கத்தியால் முதலில் கோடு கிழித்து, அந்தப் பள்ளத்தில் மடிக்கிறார். எவ்வளவு ஆழம் என்பது தாளின் தடிமனைப் பொறுத்தது, அதைச் சொல்வது அவருடைய விரல்.

நம் ஊரில் பொங்கலுக்கு முன் நடைபாதைக் கடைகளில் அட்டைகள் குவிந்து கிடந்த காலத்தை நடுவயதில் இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கரும்பும் பானையும், எம்.ஜி.ஆரும் ரஜினியும் கமலும், சாமி படங்களும். ஒட்டாத உறையில் புக் போஸ்ட் கட்டணத்துக்குத் தபால்தலை ஒட்டி அனுப்பினோம். செல்பேசி வாழ்த்து அந்தச் சந்தையை ஏறக்குறைய முடித்துவைத்தது. மலிவாக, ஆயிரக்கணக்கில், ஒன்றுபோல் அச்சாகும் அட்டையின் வேலையைச் செல்பேசி இன்னும் மலிவாகச் செய்துவிட்டது. ஒன்றுபோல் இல்லாத அட்டையை அதனால் தர முடியவில்லை. கொட்டகைப் பெண்களுக்கு வேலை இருப்பது அதனால்தான். அவர்கள் விற்பது அந்த வேறுபாட்டை. அந்த வேறுபாட்டை உண்டாக்குவது அவர்களுடைய தீர்மானம்.

எனக்கு உறுத்தியதும் இங்கேதான். அட்டையைத் திருப்பினால் காகிதத்தின் பெருமை இருக்கிறது, படம் வரைந்தவர் பெயர் இருக்கிறது, விலை இருக்கிறது. தீர்மானித்தவர்களின் பெயர் இல்லை. கூலியும் பீஸ் கணக்கில்தான். அதாவது பதித்த எண்ணிக்கைக்குக் காசு. நெளிந்த தாளை ஒதுக்கிவைத்து நல்ல அட்டையைக் காப்பாற்றிய நேரத்துக்குக் கணக்கு இல்லை.

அட்டையில் பெயர் போடுவது புதிய யோசனை அல்ல. 1949-இல் யுனிசெஃப் வெளியிட்ட முதல் வாழ்த்து அட்டையில் இருந்தது, போருக்குப் பின் உதவி பெற்ற செக்கோஸ்லோவாக்கியச் சிறுமி ஒருத்தி நன்றியாக வரைந்த படம். ஏழு வயது யிட்கா சாம்கோவாவின் பெயரை உலகம் இன்றும் அந்த அட்டையோடு சேர்த்தே சொல்கிறது. எரிக் ஸ்டெக்மன் 1956-இல் தொடங்கிய, வாயாலும் காலாலும் வரையும் ஓவியர்களின் சங்கம் வெளியிடும் அட்டைகளில் ஓவியரின் பெயர் இருக்கும். அந்தப் பெயர், பரிதாபத்தை விலக்கி, அட்டையை ஒரு கலைஞரின் வேலையாக நம் கையில் தருகிறது.

அச்சு மேசையின் மூத்தவரிடம், “உங்க பேரைப் பின்னாடி போட்டா எப்படி இருக்கும்க்கா?” என்று கேட்டேன். அவர் கையை நிறுத்தாமலே சொன்னார்: “எம் பேரு மட்டும் போட்டா அது பொய்யாயிடும்மா. வெட்டின பொண்ணு, வண்ணம் அடிச்ச பொண்ணு, கம்ப்யூட்டர் பொண்ணு, மடிச்சவ, எல்லார் பேரும் போடுங்க. இடம் பத்துமா?”

பத்தும். 5-க்கு 7 அங்குல அட்டையின் பின்புறம் நான்கைந்து பெயருக்குத் தாராளமாக இடம் இருக்கிறது. பெயருக்கென்று தனி அச்சுகூட வேண்டாம்; கணினி மூலையில் ஒரு வரி சேர்த்தால் போதும், ஆள் மாறும்போது பெயரையும் மாற்றிக்கொள்ளலாம். டிஜிட்டல் முறை இந்தத் தொழிலுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இதுவாக இருக்கும். அதோடு, ஒதுக்கிய தாளுக்கும் காத்திருந்த நேரத்துக்கும் சேர்த்துக் கூலி கணக்கிட வேண்டும். வாங்குகிற நமக்கும் பங்கு உண்டு. அட்டையைக் கையில் எடுத்ததும் பின்புறம் திருப்பி, இதைச் செய்தவர்கள் யார் என்று கடைக்காரரைக் கேட்போம். பலரும் கேட்கத் தொடங்கினால் அந்தக் கேள்வி கொட்டகை வரை போய்ச் சேரும்.