கரிசலாங்கண்ணித் தைலம்

தலைமயிரைப் பற்றி எழுதுவதற்கு நமக்கு யாதொரு யோக்கியதையும் கிடையாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம். நமது நெற்றி இருபத்தைந்து வருஷங்களுக்கு முன்பே படையெடுப்பைத் துவக்கி, உச்சி வரையில் பிடித்துக்கொண்டுவிட்டது. அதைப் பற்றி வீட்டில் யாரும் ஒரு சொட்டுக் கண்ணீரும் விட்டதில்லை. ஆனால் புருஷன் தலை வேறு, பெண்ணின் தலை வேறு என்பது சென்ற கார்த்திகை மாதம் கும்மிடிப்பூண்டிக்குப் போனபோதுதான் நமக்குத் தெரிந்தது.

மாப்பிள்ளைக்கு அங்கே தொழிற்பேட்டையில் வேலை. திருவள்ளூரிலிருந்து ரயிலில் போவதென்றால் பேசின் பிரிட்ஜ் வரையில் வந்து வண்டி மாறி, மறுபடியும் வடக்கே போக வேண்டும். அப்படிப் போய் இறங்கினால், நான்கு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நம் பெண் கதவைத் திறந்தாள். வீட்டுக்குள்ளேயே தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டிருந்தாள். நாத்தனார் கல்யாணத்துக்குப் போகவில்லையாம். ஏன் என்று கேட்டதற்குக் குழந்தைக்கு ஜலதோஷம் என்றாள். குழந்தையோ கொழுகொழுவென்று சிரித்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் அலமாரியில் ஏதோ தேடப் போன நம் மனைவி, ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொண்டுவந்து நம்மிடம் காட்டினாள். உள்ளே சீப்பில் வந்த மயிர், சுருள் சுருளாக, தேதி போட்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் மூன்று எண்ணெய்ப் புட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் முழங்கால் வரையில் கூந்தல் தொங்கும் ஒரு ஸ்திரீயின் படம்.

நம் தேசத்து 1945-ஆம் வருஷத்து மருந்து விதிகளில் ‘ஜே’ அட்டவணை என்று ஒன்று உண்டு. இன்னின்ன நோய்களைத் தடுப்பதாகவோ குணப்படுத்துவதாகவோ எந்த மருந்தும் பெருமை பேசக் கூடாது என்று சொல்லும் ஜாபிதா அது. அதில் புற்றுநோயுடன் சரியாசனம் பெற்று வழுக்கையும் வீற்றிருக்கிறது. படம் பேசுவதில்லை அல்லவா? ஆகையால் புட்டிக்காரர்கள் படத்தைப் போட்டுவிட்டு மௌனமாயிருக்கிறார்கள்.

பெண்ணையும் குழந்தையையும் திருவள்ளூருக்கு அழைத்து வந்தோம். வந்த அன்றே யோசனைகள் குவிந்தன. ஆழ்குழாய்த் தண்ணீர்தான் காரணம் என்றார் எதிர்வீட்டுக்காரர். நம் மனைவி அமாவாசையன்று வைத்திய வீரராகவர் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டு வந்தாள். எண்பது வயதான நமது அத்தை, “திருத்தணிக்குப் போய் ஒரு மொட்டை போட்டுவிட்டால் அடர்த்தியாக முளைக்கும்” என்றார். பெண் அழுதுகொண்டே உள்ளே போய்விட்டாள். அத்தை அதற்குப் பரிகாரமாகத் தைலம் காய்ச்சுவதென்று தீர்மானித்தார்.

கரிசலாங்கண்ணி ஈரமான வரப்புகளில் தானாக முளைக்கும் பூண்டு. வெள்ளைப் பூ ஒன்று, மஞ்சள் பூ ஒன்று என இரண்டு வகை. வடலூர் வள்ளலார் மிகவும் போற்றிய மூலிகை இது. ஆயுர்வேதக்காரர்களின் பிருங்கராஜமும் இந்த வெள்ளைப் பூக்காரன்தான். கும்மிடிப்பூண்டியில் ஓர் ஓடையோரம் செழித்துக் கிடந்ததை நாம் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தோம். அத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, “எங்கே பறித்தாய்?” என்றார். சொன்னோம். “தொழிற்சாலைத் தண்ணீர் ஓடுகிற இடமா? பச்சிலை எந்தத் தண்ணீரைக் குடிக்கிறதோ அதைத்தானே கொடுக்கும்?” என்று குப்பையில் எறிந்துவிட்டார். மூலிகை பறிப்பதைப் பற்றி உலக சுகாதார ஸ்தாபனம் 2003-ல் வெளியிட்ட வழிமுறைகளிலும் இதே எச்சரிக்கை இருக்கிறது. அத்தை அதைப் படித்தவர் அல்ல.

பிறகு நல்ல ஏரிப் பாசன வயலில் பறித்து, இடித்துச் சாறு பிழிந்து, நல்லெண்ணெயுடன் சேர்த்து, நெல்லிக்காய் விழுதும் கலந்து சிறு தீயில் காய்ச்சினார். எண்ணெய் நுரைத்து வந்ததும், அடியில் தங்கிய விழுதைத் திரியாக உருட்டி நெருப்பில் காட்டினார். சடசடவென்றால் ஈரம் இருக்கிறதென்று அர்த்தம். சத்தமில்லாமல் எரிந்தால் பதம். சாஸ்திரமும் இதையே சொல்கிறது.

தைலமும் ஆயிற்று. இருந்தாலும் ஒரு வைத்தியரைக் கேட்டுவிடலாம் என்று, ஆயுர்வேதக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்ற ஓர் அம்மாளிடம் பெண்ணை அழைத்துப் போனோம். அவர் தலையைப் பார்க்கவே இல்லை. கீழிமையை இழுத்துப் பார்த்தார், நகங்களைப் பார்த்தார், இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ஸ்திரீகளுக்கு 12 கிராமாவது இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் இவளுக்கு 9 கூட இல்லை!

பிறகு நிதானமாக விளக்கினார். தலையில் சுமார் ஒரு லட்சம் மயிர். தினம் 50 முதல் 100 வரை உதிர்வது சகஜம். கர்ப்ப காலத்தில் உதிர வேண்டியவை உதிராமல் காத்திருந்து, பிரசவமான சில மாதங்களுக்குள் எல்லாம் சேர்ந்து விழும். பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள் தானே சரியாகிவிடும். இவளுக்கு இரத்தக் குறைவும் சேர்ந்துகொண்டது. பித்தம் வாயுவுடன் கூடி மயிரை உதிர்க்கிறது, கபமும் இரத்தமும் துவாரத்தை அடைக்கின்றன என்று சுசுருதர் எழுதியிருப்பதையும் எடுத்துச் சொன்னார். மொட்டை போடுவதால் வேர் மாறாது என்றும், கரிசலாங்கண்ணியை எலிகளிடம் பரிசோதித்ததில் மயிர் வளர்ந்ததென்றாலும் மனிதர்களிடம் அவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கில்லை என்றும் கூறினார்.

“அப்படியானால் எங்கள் அத்தையின் தைலம்?” என்றோம்.

“தாராளமாகத் தேய்க்கட்டும், கெடுதல் இல்லை. ஆனால் இரும்புச் சத்து மாத்திரையை விடக் கூடாது. மாத்திரையோடு காப்பி குடிக்கக் கூடாது. நெல்லிக்காயைத் தலையில் வைப்பதைவிட வாயில் போட்டுக்கொள்ளட்டும். இரும்பு உடம்பில் சேருவதற்கு அது உதவும்.”

நம் பெண் அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் பேசவில்லை. வாசற்படி ஏறும்போது மட்டும், “அப்பா, நாலு மாதமாய் எழுந்தால் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. மயிரைத் தவிர வேறொன்றையும் யாரும் கேட்கவில்லை” என்றாள். யாரும் என்றதில் நாமும் அடக்கம். அதற்குச் சமாதானம் சொல்ல நம்மிடம் ஒன்றும் இருக்கவில்லை.

பங்குனியில் அவள் நெற்றியோரமாகக் குட்டி குட்டியாக மயிர் நிமிர்ந்து நின்றது. தைலத்தின் மகிமை என்று அத்தை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். வைத்திய அம்மாள் இரண்டாவது பரிசோதனைக் காகிதத்தில் 11.6 என்பதைச் சுழித்துக் காட்டினார். பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, தலையைப் பின்னிப் பூ வைத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்கு ரயில் ஏறிவிட்டாள்.

பாதித் தைலம் இங்கேயே மிச்சமிருக்கிறது. இரவில் எல்லோரும் தூங்கின பிறகு அது எப்படிக் குறைகிறது என்று நம் மனைவி கேட்கிறாள். தலையணை உறையில் பச்சைக் கறை படிந்திருப்பதை அவள் இன்னும் கவனிக்கவில்லை.