ஒண்ணு கூடிப் போச்சு!

மூன்றாம் வருடம், பிளேஸ்மென்ட் ஆன்லைன் டெஸ்ட். கேள்வி இவ்வளவுதான்: 1 முதல் N வரை, இலக்கங்களின் கூட்டுத்தொகை 7ஆல் வகுபடும் எண்கள் எத்தனை? 'அட, ஒரு ஃபார் லூப் போதுமே' என்று எழுதி சப்மிட் பண்ணிட்டேன். N என்பது 1-க்குப் பின்னால் 18 பூஜ்யம் வரை போகலாம் என்ற கடைசி வரியைப் படிக்கவே இல்லை. நொடிக்குப் பத்துக் கோடி எண்களைச் சோதித்தாலும் முடிய 317 வருஷம் ஆகும் நண்பர்களே! அந்த ரவுண்டோடு நான் வெளியே.

அன்று ராத்திரி ஹாஸ்டலில் பேப்பரும் பேனாவுமா உட்கார்ந்தேன். N = 523 என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்களை ஒவ்வொன்றாக எண்ணாமல், இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு இலக்கமாக நிரப்பிப் பாருங்கள். 03_, 12_, 21_, 30_: நாலும் வேற வேற ஆரம்பம். ஆனால் நாலிலும் இதுவரை கூட்டுத்தொகை 3, மிச்சம் ஒரு இடம். கடைசியில் 4 வந்தால் மட்டுமே சரி. ஒரு தடவை கணக்குப் போட்டு எழுதி வைத்தால், மற்ற மூன்றுக்கும் அப்படியே எடுத்துக்கலாம். டைனமிக் புரோகிராமிங் என்று நாம பயப்படுற விஷயம் இதுதாங்க! ஞாபகம் வைக்க வேண்டியது ரெண்டே: எத்தனையாவது இடம், 7ஆல் வகுத்த மீதி. 19 இடம், 7 மீதி, மொத்தம் 133 நிலைகள்.

கோட் எழுதி, 0-வைக் கழித்துவிட்டு ஓட்டினேன். 74 என்றது. சந்தேகத்துக்கு அந்தப் பழைய ஃபார் லூப்பையும் 523-க்கு ஓட்டினேன். 73!

ஒரு மணி நேரம் தலையைப் பிச்சுக்கிட்டேன். திருடன் 52_ல் ஒளிந்திருந்தான். 25_, 34_ இவற்றில் கூட்டுத்தொகை 7. கடைசியில் 0 வரலாம், 7 வரலாம். ஆக 2 என்று குறித்து வைத்திருந்தது கோட். 52_க்கும் கூட்டுத்தொகை 7 தானே? அதே 2-ஐ எடுத்துக்கொண்டது. ஆனா 527, 523-ஐத் தாண்டிடுச்சே!

N-ஐ ஒட்டியே வருகிறோமா, இல்லை ஏற்கெனவே அதைவிடக் குறைந்துவிட்டோமா என்பதையும் நிலையில் சேர்க்கணும். 'டைட்' என்று ஒரு ஃபிளாக் சேர்த்தேன். நிலைகள் 266 ஆச்சு, பதில் 73 ஆச்சு.

போன வேலை திரும்ப வரலை. ஆனா நீங்க டெஸ்டுக்கு உட்காரும்போது, முதலில் N-இன் வரம்பைப் படிங்க. அப்புறம், எவ்வளவு அழகான கோட் எழுதினாலும் சின்ன எண்ணுக்கு ஒரு ஃபார் லூப்போடு ஒப்பிட்டுப் பாருங்க. காலையில் என்னைக் கவிழ்த்த அதே லூப்தான், ராத்திரி என் தப்பைக் காட்டிக் கொடுத்தது.