கல்லைப் படித்த பேத்தி

எங்கள் பேத்தி பிளஸ் டூ முடித்தது 2012-ல். அந்த வருடம் எங்கள் தெருவில் நாலு பிள்ளைகள் இன்ஜினியரிங் சேர்ந்தார்கள். இவள் மட்டும் சேலம் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. ஜியாலஜிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு வந்து நின்றாள். விசாரித்தவர்கள் காதில் எல்லாம் அது ஜியாகிரபி என்றே விழுந்தது. "டீச்சர் வேலைக்குங்களா?" என்று கேட்டார்கள். இல்லை, கல், பாறை, பூமிக்கு அடியில் இருப்பது பற்றிய படிப்பு என்று விளக்கினால், "கல்லைப் படிச்சு என்னங்க பண்றது?" என்றார் பால் ஊற்றுகிறவர். வெளியே சொல்லவில்லையே தவிர, எனக்கும் அதே கேள்விதான்.

நான் நில அளவைத் துறையில் 34 வருடம் வேலை பார்த்து 2006-ல் ஓய்வு பெற்றவன். சேர்ந்த காலத்தில் பழைய வரைபடங்கள் எல்லாம் செயின், லிங்க் கணக்கில் இருக்கும். ஒரு செயின் 66 அடி, அதில் 100 லிங்க். பத்துச் சதுரச் செயின் ஒரு ஏக்கர். எண்பதுகளில் யு.டி.ஆர். வேலை நடந்தபோது வெயில், மழை பார்க்காமல் வரப்பு வரப்பாக நடந்திருக்கிறேன். நிலத்தைப் பற்றி எனக்குத் தெரியாததை ஒரு சின்னப் பிள்ளை காலேஜில் போய்ப் படித்துவிடப் போகிறாளா என்கிற நினைப்பும் உள்ளூர இருந்தது.

பி.எஸ்சி. முடித்து, கருப்பூர் பக்கம் இருக்கிற பெரியார் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. சேர்ந்தாள். காலையில் சேலம் பஸ் ஏறி, புது பஸ் ஸ்டாண்டில் இறங்கி, இன்னொரு பஸ் மாறிப் போவாள். அங்கேதான் ஜியோபிசிக்ஸும் ஜி.ஐ.எஸ்.ஸும் பாடமாக வந்தன. ராத்திரி சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எனக்குச் சொல்லிக்கொடுப்பாள். ஜியாலஜி என்பது பாறையைத் தட்டி, உடைத்து, கண்ணால் பார்த்துச் சொல்வது. ஜியோபிசிக்ஸ் தோண்டாமலே பார்ப்பது. மின்சாரம், காந்தம், புவியீர்ப்பு, அதிர்வு என்று ஏதாவது ஒன்றை மேலே இருந்து அளந்து, அடியில் என்ன இருக்கும் என்று கணிப்பது. வயிற்றைக் கிழிக்காமல் டாக்டர் ஸ்கேன் பார்க்கிற மாதிரி.

ஜி.ஐ.எஸ்.ஸை அவள் சொன்னதும் எனக்குப் பிடிபட்டுவிட்டது. நாங்கள் ஆபீஸில் டிரேசிங் பேப்பரை வரைபடத்தின் மேல் வைத்துப் படி எடுப்போம். அந்த மாதிரி பத்து டிரேசிங் பேப்பர். ஒன்றில் பாறை வகை, ஒன்றில் நிலச்சரிவு, ஒன்றில் ஓடைகள், ஒன்றில் மண், ஒன்றில் கிணற்று நீர்மட்டம். எல்லாவற்றையும் ஒரே அளவில், ஒரே இடத்தில் பொருந்தும்படி கம்ப்யூட்டரில் அடுக்கி, இந்த இடத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்பது. அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொன்னாள். கிண்டி இன்ஜினியரிங் காலேஜ் இருக்கிறதே, அது 1794-ல் எட்டுப் பையன்களை வைத்துத் தொடங்கிய நில அளவைப் பள்ளி. 1802-ல் லாம்டன் என்கிற வெள்ளைக்கார அதிகாரி பரங்கிமலைப் பக்கம் செயின் போட்டு அளந்த ஒரு கோட்டில் இருந்துதான் இந்தியா முழுக்க அளக்கிற வேலை கிளம்பியது. அதே கிண்டி காலேஜில் இப்போது செயற்கைக்கோள் படங்களைப் பற்றிப் பாடம் நடக்கிறது. "உங்க வேலைக்கும் என் படிப்புக்கும் ஒரே தாத்தாதான், தாத்தா" என்றாள். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

இனி எங்கள் குடும்ப விஷயத்துக்கு வருகிறேன். பேளூர் போகிற வழியில் எங்களுக்கு நாலரை ஏக்கர். 1984-ல் அப்பா காலமான பிறகு எனக்கும் தம்பிக்கும் பாகம் பிரிந்தது. உட்பிரிவில் கையெழுத்துப் போட்டது வேறு சர்வேயர். ஆனால் செயினைப் பிடித்துக்கொண்டு, கோடு எங்கே போக வேண்டும் என்று சொன்னவன் நான். கிணறு என் பங்கில் விழுந்தது. ஆளுக்கு மூன்று நாள் முறை என்று எழுதிக்கொண்டோம். தண்ணீர் இருந்தவரை முறை ஓடியது. தண்ணீர் குறையக் குறையப் பேச்சும் குறைந்தது. 2006-க்குப் பிறகு கல்யாணம், சாவு தவிர நாங்கள் இருவரும் முகம் கொடுத்துப் பேசியதில்லை. தனியாக இருந்து யோசித்தால் எனக்கே தெரியும்: அந்தக் கோட்டை இருபது அடி தள்ளிப் போட்டிருக்கலாம்.

2016-ல் ஐப்பசி, கார்த்திகை இரண்டும் ஏமாற்றின. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் 32 மாவட்டங்களையும் வறட்சி மாவட்டம் என்று அரசாங்கமே அறிவித்தது. எங்கள் பாக்கு மரங்கள் தலை சாய்ந்தன. பாக்கு குச்சிக்கிழங்கு மாதிரி இல்லை. குச்சி போனால் அடுத்த வருடம் நடலாம்; பாக்கு போனால் நட்டு மறுபடி காய்க்க ஐந்தாறு வருடம். நான் நீரோட்டம் பார்க்கிறவரைக் கூட்டிவந்தேன். கையில் தேங்காய் வைத்து நடந்து, அது நிமிர்ந்த இடத்தில் குச்சி அடித்துவிட்டுப் போனார். திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்தது. 780 அடி வரை வெறும் புகை. ஒரு மாதம் கழித்து இன்னொருவர், இன்னொரு இடம், 900 அடி. அதுவும் புகை. மூன்றாவதுக்கு என் வீட்டுக்காரம்மாவின் வளையல்களை வைக்க பேங்குக்குப் போவதாக இருந்தோம்.

பேத்திக்கு அப்போது எம்.எஸ்சி. கடைசிப் பருவம், ப்ராஜெக்ட் நேரம். வாழப்பாடிப் பகுதி நிலத்தடி நீரைத்தான் எடுத்திருந்தாள். "வளையலை ரெண்டு வாரம் கழிச்சு வைக்கலாங்க தாத்தா" என்றாள்.

முதலில் வரைபடத்தில் உட்கார்ந்தாள். சர்வே ஆப் இந்தியாவின் 58 ஐ/6 எண் தாள், அதில் வாழப்பாடி இருக்கிறது. செயற்கைக்கோள் படத்தில் மரம் செடி எல்லாம் சிவப்பாகத் தெரிந்தன. எங்கள் கிராம வரைபடத்தை அதன் மேல் பொருத்தினால், வரப்புகள் பத்துப் பதினைந்து மீட்டர் விலகி நின்றன. அங்கேதான் நான் தேவைப்பட்டேன். மூன்று கிராம எல்லைகள் சேரும் இடத்துக் கல்லை நாங்கள் ட்ரை ஜங்ஷன் என்போம். சீமைக்கருவேலம் புதருக்குள் கிடந்த அப்படி ஒரு கல்லையும், பாதி புதைந்த நாலு எல்லைக் கற்களையும் தேடிக் காட்டினேன். அவள் ஒவ்வொன்றின் மேலும் ஜி.பி.எஸ். வைத்து இடம் குறித்தாள். அன்று ராத்திரி வரைபடம் வரப்பின் மேல் வரப்பாக உட்கார்ந்தது. ஓய்வு பெற்ற பிறகு அவ்வளவு சந்தோஷமாக நான் ஒரு நாளும் தூங்கவில்லை.

அந்தப் படத்தில் அவள் ஒரு கோட்டைக் காட்டினாள். ஓடை ஓரிடத்தில் திடீரென்று நேராக ஓடுகிறது. அதே திசையில், காய்ந்துபோன கோடையிலும் வேம்பும் புங்கனும் வரிசையாகப் பச்சை பிடித்து நிற்கின்றன. அடியில் பாறை வெடித்திருக்கலாம் என்பதற்கு அது ஒரு அடையாளமாம். லீனியமெண்ட் என்கிறார்கள். நம் சேலம், ஆத்தூர் பக்கத்துப் பாறைகள் சுமார் 250 கோடி வருடம் பழையவை. ஆற்றங்கரை மணல் மாதிரி அவற்றுக்குள் தண்ணீர் நிற்காது. மேலே உளுத்துப்போன பகுதியிலும், வெடிப்பிலும்தான் நிற்கும். வெடிப்புக்கு ஐந்து அடி தள்ளித் துளைத்தாலும் புகைதான். சேலத்தில் இருந்து ஆத்தூர் வரை பூமி என்றோ நசுங்கி நகர்ந்த ஒரு பெரிய பட்டை ஓடுகிறது என்றும், அதற்கு உலகம் முழுக்க ஆராய்ச்சிக்காரர்கள் சேலம்–ஆத்தூர் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னாள். அறுபது வருடம் அதன் மேல் நடந்திருக்கிறேன்.

பிறகு ரெசிஸ்டிவிட்டி மீட்டரோடு கூடப் படிக்கும் மூன்று பிள்ளைகள் வந்தார்கள். நாலு இரும்புக் கம்பிகளை ஒரே நேர்கோட்டில் அடிக்கிறார்கள். வெளிக்கம்பிகள் இரண்டின் வழியாக மின்சாரம் போகும். உள்கம்பிகள் இரண்டில் வோல்ட் பார்ப்பார்கள். வெளிக்கம்பிகளை விலக்க விலக்க மின்சாரம் ஆழமாக இறங்கி வரும். மண் காய்ந்து கிடந்ததால் கம்பியடியில் உப்புத் தண்ணீர் ஊற்றினார்கள். டேப் நேராகப் போகிறதா என்று பார்க்கிற வேலை எனக்கு. ஸ்லம்பெர்ஜர் என்கிற பிரெஞ்சுக்காரர் 1912-ல் செய்து பார்த்த முறையாம். ஈரமும் உளுத்த பாறையும் மின்சாரத்தைச் சுலபமாக விடும். உடையாத கருங்கல் விடாது. அந்த அளவுகளை வைத்து ஒரு வளைகோடு வரைகிறார்கள்.

நான் மூன்றாவது போருக்குக் குறித்திருந்த இடத்தில் வளைகோடு நேராக மேலே ஏறிவிட்டது. "இங்க வேண்டாங்க தாத்தா. 20 அடிக்குக் கீழ முழுப் பாறை" என்றாள்.

"சரி கண்ணு, எங்க போட்டா தண்ணி வரும்?"

"வரும்னு என்னால சொல்ல முடியாதுங்க. வேண்டாம்ங்கறதை உறுதியா சொல்றேன். போடறதா இருந்தா, இந்த இடம் மத்ததை விடப் பரவாயில்லை."

எனக்குக் கோபம் வந்தது. தேங்காய் வைத்து நடந்தவர்கூட அடிக்கணக்கில் உறுதி சொன்னார். ஐந்து வருடம் படித்தவள் பரவாயில்லை என்கிறாளே! அவள் காட்டிய இடத்தைப் பார்த்ததும் கோபம் மறந்துபோனது. நான் போட்ட கோட்டுக்கு அந்தப் பக்கம், தம்பியின் நிலத்தில், ஒன்பது அடி உள்ளே.

"கொஞ்சம் இப்படித் தள்ளிக்கலாமா கண்ணு?" என்று கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. என் பக்கம் ஏழெட்டு மீட்டர் தள்ளி மறுபடி கம்பி அடித்து அளந்து காட்டினாள். வளைகோடு சுமார்தான்.

இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் தம்பி வீட்டுக்கு நடந்தேன். பதினோரு வருடத்துக்குப் பிறகு அந்த வாசல். பேப்பரை விரித்து எல்லாவற்றையும் சொன்னேன். செலவு என்னுடையது, தண்ணீர் பாதிப் பாதி என்றேன். தம்பி வரைபடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்த இடத்தை நீ சொல்றயாண்ணா, இல்ல புள்ள சொல்றாளா?"

"புள்ளதான் சொல்றா."

"அப்பச் சரி" என்றான். பிறகு, "செலவும் பாதிப் பாதி" என்றான். உள்ளே திரும்பிக் காபி போடச் சொன்னான்.

370 அடியில் ஈர மண் வந்தது. 410-ல் தண்ணீர். ஒன்றரை இஞ்சு. பெரிய தண்ணீர் இல்லை. சொட்டுநீர் போட்டு, நாள் விட்டு நாள் பாய்ச்சி, பாக்கில் பாதிக்குமேல் பிழைத்தது. மீதியை வெட்டிவிட்டோம்.

ஊரில் பேத்திக்குப் பெரிய பெயர் வந்துவிட்டது. அந்தப் பெயரை அவள் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதையும் எழுதிவிட வேண்டும். பக்கத்துக் காட்டுக்காரர் கெஞ்சிக் கேட்டு ஒரு இடம் பார்க்கச் சொன்னார். மின்தடை குறைவாக வந்தது. "தண்ணியாவும் இருக்கலாம், களிமண்ணாவும் இருக்கலாங்க மாமா, மீட்டருக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்று எழுதியே கொடுத்தாள். அவர் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு போட்டார். களிமண்தான். நம் ஆட்களுக்கு உறுதி சொல்கிறவரைத்தான் பிடிக்கிறது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. வளையல் வீட்டிலேயே இருப்பதற்குக் காரணம், அவள் தெரியாததைத் தெரியாது என்று சொன்னதுதான்.

இப்போது அவள் ஹைதராபாத்தில் வரைபட வேலையில் இருக்கிறாள். படிக்கும்போது நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிக்குக் கூட்டிப்போய் அனார்த்தோசைட் என்கிற பாறையைக் காட்டினார்களாம். நிலாவில் மேட்டுப் பகுதிகளில் இருப்பதும் அதே மாதிரிப் பாறை. அதைப் பொடித்துத்தான் சந்திரயான் கலத்தைத் தரையிறக்கிப் பழக இஸ்ரோ மண் தயாரித்தது என்று பேப்பரில் வந்த அன்று, வெட்டி எடுத்து அவளுக்கு அனுப்பினேன்.

போன மாதம் பால் ஊற்றுகிறவர் கேனை இறக்கி வைத்துவிட்டு நின்றார். அவர் மகள் வயிற்றுப் பேரன் இந்த வருடம் பிளஸ் டூ. "அந்தக் கல்லைப் படிக்கிற படிப்பு எங்கெங்க இருக்குதுங்க?" என்றார். உட்காரச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். பி.எஸ்சி.க்குச் சேலம் அரசு கலைக் கல்லூரி. மேலே படிக்கப் பெரியார், சென்னை, அண்ணாமலை பல்கலைக்கழகங்கள். செயற்கைக்கோள், ஜி.ஐ.எஸ். என்றால் அண்ணா பல்கலைக்கழகமும் திருச்சி பாரதிதாசனும். ஜியோபிசிக்ஸ் மட்டும் என்றால் தன்பாத், கரக்பூர் வரை போகலாம். மத்திய அரசு வேலைக்கு யு.பி.எஸ்.சி. தனியாக ஜியோ சயின்டிஸ்ட் தேர்வு நடத்துகிறது. நிலத்தடி நீர் வாரியத்துக்கும் அதில்தான் ஆள் எடுக்கிறார்கள்.

எழுதிக் கொடுத்த பிறகு, தம்பியைப் போய்ப் பார்க்கச் சொன்னேன். அந்த மீட்டரை எப்படிப் பிடிப்பது என்பதை இப்போது என்னைவிட அவன்தான் விரிவாகச் சொல்வான். கேட்க ஆள் கிடைத்தால் விடமாட்டான்.