கிள்ளையில் ஒரு வாக்குவாதம்

அண்ணாமலை நகரில் இறங்குகிறவர்கள் மேற்கே நடராசரைப் பார்க்கப் போவார்கள். நான் கிழக்கே, கிள்ளைக்குப் போனேன். 2015 ஜூன் 8 இரவு இந்தப் பக்கத்துக் கடலில் விழுந்த ஒரு விமானம்தான் என்னை அங்கே இழுத்தது.

எனக்குச் சொந்த ஊர் சூலூர். விமானப்படைத் தளத்து இரைச்சலில் வளர்ந்தவர்களுக்குப் போன விமானம் திரும்பும் சத்தம் காதில் விழுந்தால்தான் மனசு ஆறும். விஜய் வசந்த் தாம்பே என்ற பெயர் சின்ன வயதிலேயே எனக்குத் தெரியும். 1971 டிசம்பர் 5 அன்று சுகோய்-7 விமானத்தில் பாகிஸ்தானின் ஷோர்கோட் தளத்தைத் தாக்கப் போனவர். ஆளும் வரவில்லை, உடலும் வரவில்லை. பாகிஸ்தான் சிறைகளில் இருப்பதாக நம்பப்பட்டவர்கள் என்று 1979இல் மக்களவையில் வாசிக்கப்பட்ட 40 பேர் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. அவர் மனைவி தமயந்தி, தேசிய பேட்மிண்டன் சாம்பியனாக இருந்தவர். 2007இல் காணாமல் போனவர்களின் உறவினர்கள் பாகிஸ்தான் சிறைகளுக்கே போய்த் தேடிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள்.

கிள்ளையில் ஒரு கீற்றுக் கொட்டகையில் கொடுவா மீன் குழம்பு. கொங்கு நாட்டு நாக்குக்குப் புளி தூக்கல். ஆனாலும் இரண்டாம் முறை சோறு கேட்டேன். எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர், எதற்காக வந்தேன் என்று விசாரித்தார். சொன்னேன். கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம். வித்யாசாகர், சுபாஷ் சுரேஷ், எம்.கே.சோனி என்று மூன்று அதிகாரிகள். சிந்துத்வஜ் நீர்மூழ்கிக்குக் கடலடியிலிருந்து சமிக்ஞை கிடைத்தது. ஒலிம்பிக் கேன்யன் கப்பல் ஜூலை 10 அன்று கறுப்புப் பெட்டியை எடுத்தது. கடலூருக்குத் தென்கிழக்கே 16.5 கடல் மைலில், 996 மீட்டர் ஆழத்தில். பிறகு சில எலும்புகளும் ஒரு கைக்கடிகாரமும் கிடைத்தன.

"ஒரு மாசத்துக்கு மேல தேடுனாங்க, தெரியும் சார். எங்காளு போனா எத்தினி நாளு தேடுவாங்க?" என்றார்.

"அவங்க நாட்டுக்காகப் போனவங்கய்யா" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"நாங்க மட்டும் ஊர் சுத்தவா போறோம்?"

பரிமாறிக்கொண்டிருந்த அம்மா, "சாப்புடற எடத்துல என்னா சண்ட" என்று அதட்டினார். பெரியவர் விடவில்லை. அவருடைய தம்பி தொழிலுக்குப் போய்த் திரும்பவில்லையாம். படகின் ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. ஏழு வருஷம் தகவல் இல்லாமல் இருந்தால்தான் இறந்தவன் என்று காகிதம் கிடைக்கும் என்றார்கள். 2024 வரை நடப்பிலிருந்த 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 108ஆவது பிரிவு அது. அந்தப் பிரிவின் வாசகத்தில் சிப்பாய்க்கும் மீனவனுக்கும் ஒரே கணக்குதான் இருந்தது. "அதுவரைக்கும் எங்கம்மா காத்துக்கிட்டு இருக்குமா? அவன் சட்டையப் பொதைச்சு காரியத்தப் பண்ணிட்டோம்."

எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. தாம்பேயின் வீட்டுக்கு அப்படி ஒரு சட்டையைப் புதைக்கும் உரிமைகூட இல்லை. உயிரோடு இருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும்போது எந்த மனைவிக்குக் கை வரும்? உடல் இல்லாத சாவு எல்லா வீட்டையும் ஒரே மாதிரிதான் வதைக்கிறது என்பதை அந்த மீன் குழம்புக்கு முன்னால்தான் உணர்ந்தேன்.

எழுந்திருக்கும்போது பெரியவரே சமாதானமானார். "அந்தப் புள்ளைங்களும் எங்க கடலத்தான் பாத்துக்கிட்டுப் பறந்துச்சுங்க தம்பி. அதுங்க பேர ஒரு எடத்துல எழுதி வெச்சா நாங்க பூப் போட மாட்டமா?"

ஆநிரை மீட்கப் போய் மாண்டவனுக்கும் கல் நட்டு, பேரும் ஊரும் வெட்டி வைத்தவர்கள் நாம். செங்கம் பக்கத்தில் அந்தக் கற்கள் இன்னும் நிற்கின்றன. கிள்ளையில் நான் நடந்த கரையில் அப்படி ஒன்றும் என் கண்ணில் படவில்லை. அந்த மூன்று அதிகாரிகளின் பெயரையும், இந்தக் கரையிலிருந்து தொழிலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்களையும் ஒரே கல்லில் வெட்டி இங்கே நட வேண்டும். சிதம்பரம், கடலூர் வாசகர்களே, கிள்ளைப் பேரூராட்சிக்கு எழுதிக் கேளுங்கள்.