பாக்ஸ் மாறிய பிறகு: சில குறிப்புகள்

நம் ஊர் டிடிஎச்சில் பில் என்று ஒன்று வருவதே இல்லை. மின்வாரியத்திலிருந்தாவது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆள் வந்து மீட்டரைப் பார்த்து வெள்ளை அட்டையில் எழுதிவிட்டுப் போவார். இங்கே முதலிலேயே பணத்தைப் போட்டுவைக்கிறோம். கம்பெனி அதிலிருந்து நாள்தோறும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. ஆகவே கட்டணம் கூடினால் அது தொகையாகக் கண்ணில் படாது. தேதியாகத்தான் தெரியும். பங்குனி வரை ஓட வேண்டிய ரீசார்ஜ் மாசியிலேயே தீர்ந்து, சீரியல் நடுவே ‘உங்கள் கணக்கில் போதிய இருப்பு இல்லை’ என்று வந்து நிற்கும். வீட்டில் யாரும் விலை ஏறிவிட்டதென்று நினைப்பதில்லை. “போன தடவை கம்மியாப் போட்டுட்டோம் போல” என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்து யுபிஐயில் அதே தொகையைக் கட்டுகிறார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். மாதம் 240 ரூபாய் பேக் என்றால் நாளுக்கு 8 ரூபாய். 960 ரூபாய் போட்டால் 120 நாள். செட்டாப் பாக்ஸை மாற்றுகிறோம், பேக் 330 ஆகிறது. இப்போது நாளுக்கு 11 ரூபாய். அதே 960, 87 நாளில் காலி. ஒரு மாதத்துக்கும் மேலே காணோம். கட்டியது மட்டும் எப்போதும்போல 960.

*

கோவில்பட்டியில் பெரியம்மா வீடு. தீபாவளி ஆஃபரில் 43 இஞ்ச் டிவி வந்தது. பழைய பாக்ஸிலிருந்து மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர்களைத்தான் புது டிவியிலும் செருகியிருந்தார்கள். முகமெல்லாம் மசமசவென்று தெரிந்தது. “இதுக்கா இம்புட்டுக் காசு குடுத்து வாங்குனோம்?” என்று பெரியம்மாவுக்கு ஆற்றாமை. கம்பெனிக்குப் போன் போட, பைக்கின் பின்னால் கேபிள் சுருளைக் கட்டிக்கொண்டு ஒரு பையன் வந்தான்.

“அம்மா, டிவி பெருசு, பாக்ஸ் பழசு. எச்டி பாக்ஸ் போட்டாத்தான் எடுப்பா இருக்கும்.”

“எவ்வளவுய்யா ஆகும்?”

“பாக்ஸுக்கு மட்டுந்தாம்மா. அதுவும் ஆஃபர்ல இருக்கு. ஒரு ஓடிபி வரும், அதைச் சொல்லுங்க.”

ஓடிபி வந்தது. அதற்கு மேலே ஆங்கிலத்தில் நாலு வரி இருந்தது. பெரியம்மா எண்களை மட்டும் ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னாள். பேக் மாறியது அந்த இடத்தில்தான். கையெழுத்து, விண்ணப்பம், ரசீது எதுவுமில்லை. பிற்பாடு கம்பெனியைக் கேட்டால் “கஸ்டமர் ஓடிபி மூலமா ஒப்புதல் குடுத்திருக்காங்க” என்று பதில் தயாராக இருக்கிறது.

பையன்மேல் எனக்குக் கோபமில்லை. அவன் கம்பெனி ஆளும் இல்லை. கம்பெனிக்கு வேலை எடுத்துச் செய்யும் ஒரு டீலரிடம் இருப்பவன். “பேக் ஏத்திவிட்டா எங்களுக்கும் ஏதோ கொஞ்சம் நிக்கும் சார்” என்று மறைக்காமல் சொன்னான்.

கடைசியில் எச்டி பேக்கை நீக்கச் சொல்லிவிட்டு, பழைய பேக்குக்கே போய், சன் டிவியை மட்டும் எச்டியில் தனியாகச் சேர்த்துக்கொண்டோம். அப்படி ஒரு சேனலைத் தனியாக வாங்க முடியும் என்பதே பெரியம்மாவுக்குப் புதுச் செய்தி. கே டிவி சாதாரணத்திலேயே இருக்கட்டும் என்றாள். பழைய படம்தானே, அதை எதில் பார்த்தால் என்ன என்பது அவள் கட்சி.

*

பாக்ஸ் வேறு, பேக் வேறு. பாதிப் பணம் போவது இந்த இரண்டையும் ஒன்றென்று எண்ணுவதால்தான். எச்டி பாக்ஸில் சாதாரணத் தரமான எஸ்டி சேனல்கள் தாராளமாக ஓடும். எச்டிஎம்ஐ ஒயரில் இணைத்தாலே பழைய மூன்று வண்ண ஒயரைவிடப் படம் கொஞ்சம் தெளியும். எச்டி பேக் வாங்கியே தீர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது. ஆனால் வாசலில் நின்று பேசும்போது இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்துவிடுகின்றன.

இதில் இன்னொரு கூத்து உண்டு. அடிப்படை பேக்கில் ஒரு சேனல் எஸ்டியில் இருக்கும். மேலே ஏற்றிய எச்டி பேக்கிலும் அதே சேனல் இருக்கும். ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு கட்டணம். ஒரே தொகுப்புக்குள் ஒரு சேனலின் எஸ்டி, எச்டி இரண்டையும் சேர்த்துப் போடக்கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதியே இருக்கிறது. இரண்டையும் இரண்டு தொகுப்பில் போட்டு, இரண்டு தொகுப்பையும் ஒருவர் தலையில் கட்டினால்? விதி மீறப்படவில்லை.

*

விலை விவரம் கொஞ்சம்.

2017 மார்ச்சில் டிராய் புதிய கட்டண முறையை அறிவித்தது. வழக்கெல்லாம் முடிந்து 2019 பிப்ரவரியில்தான் வீடுகளுக்கு வந்தது. எந்தச் சேனலையும் தனித்தனி விலையில் வாங்கலாம் என்பது அதன் நல்ல பகுதி. சன் டிவி 19 ரூபாய், கே டிவி 19, விஜய் 17 என்று அப்போதுதான் ஜனங்களுக்குத் தெரிந்தது. அதோடு சேர்ந்து வந்தது என்சிஎஃப் என்ற இணைப்புக் கட்டணம்: 100 சேனல் வரை மாதம் 130 ரூபாய். 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்து 153 ரூபாய் 40 காசு. சன் டிவி, விஜய் என்று எதையும் வாங்குவதற்கு முன்பே கொடுக்க வேண்டிய பணம் இது. நூறு சேனலுக்கு மேல் ஒவ்வொரு 25 சேனலுக்கும் 20 ரூபாய் வரை.

எச்டிக்கு மாறியவர்கள் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். ஒரு எச்டி சேனல் இரண்டு சேனலாக எண்ணப்பட்டது. பத்து எச்டி சேனல் எடுத்தால் இருபது இடம் போயிற்று. நூறைத் தாண்டிவிடும், தாண்டியது தெரியாது. சேனலின் விலையைப் பார்த்து ‘இவ்வளவுதானே’ என்று கூட்டியவர்களுக்குக் கடைசித் தொகை ஏன் ஒத்துவரவில்லை என்று புரிந்ததே இல்லை.

2020-ல் கொஞ்சம் தளர்த்தினார்கள். அதே 130 ரூபாய்க்கு 200 சேனல். ஒரே வீட்டில் இரண்டாவது டிவி இருந்தால் அதற்கு என்சிஎஃப் 40 சதவீதத்துக்கு மேல் கூடாது, அதாவது 52 ரூபாய். 2024 ஜூலையில் இந்த உச்சவரம்புகளையே எடுத்துவிட்டார்கள். போட்டி இருக்கிறதாம், சந்தை பார்த்துக்கொள்ளுமாம். என்சிஎஃப்பை இனி கம்பெனியே தீர்மானிக்கலாம். ஊருக்கு ஊர், சந்தாதாரர் வகைக்கு வகை வேறாகவும் வைக்கலாம். இணையதளத்தில் போட்டுவிட வேண்டும். கோவில்பட்டியில் கூடிய கட்டணத்துக்குக் காரணம் கேட்டால் இனிமேல் ‘உங்க ஏரியாவுக்கு அப்படி’ என்பதே முழுமையான பதில்.

*

நம்மவர்களுக்கு இது கூடுதலாக உறைப்பதற்கு அரசு கேபிளும் ஒரு காரணம். 2011-ல் மாதம் 70 ரூபாய் என்று அது புத்துயிர் பெற்றது. எழுபது ரூபாயில் டிவி பார்த்த வீடு, 153 ரூபாய் 40 காசை வெறும் வாசல் கட்டணமாகப் பார்க்கும்போது எரிச்சல்படாமல் என்ன செய்யும்?

செட்டாப் பாக்ஸ் என்ற சொல்லை நாம் கேட்க ஆரம்பித்தது அதற்கும் முன்பே. 2003 செப்டம்பரில் சென்னையில் சிஏஎஸ் முறை வந்தபோது, கட்டணச் சேனல் பார்க்க பாக்ஸ் வாங்கியே ஆக வேண்டும் என்றார்கள். நாட்டில் அன்றைக்கு அது நிலைத்தது சென்னையில் மட்டும். அன்றிலிருந்து இன்றுவரை, பாக்ஸ் மாறும்போதெல்லாம் செலவு நம் பக்கம்.

*

பாக்ஸை மாற்றச் சொல்வதில் கம்பெனிக்கு என்ன ஆதாயம்? இதை யாரும் பேசுவதில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

செயற்கைக்கோளில் இடம் வாடகைக்குத்தான் கிடைக்கிறது. ஒரு டிரான்ஸ்பாண்டரில் எத்தனை சேனலைத் திணிக்க முடியும் என்பதில் லாபம் இருக்கிறது. பழைய பாக்ஸ்களில் பல எம்பெக்-2 முறையில் சுருக்கிய படத்தை மட்டும் விரிக்கத் தெரிந்தவை. எம்பெக்-4 முறையில் ஏறக்குறைய பாதி இடமே போதும். ஒரு சேனல் இருந்த இடத்தில் கிட்டத்தட்ட இரண்டை வைக்கலாம். ஆனால் வீட்டில் பழைய பாக்ஸ் இருக்கும்வரை கம்பெனி அந்தப் பழைய ஒளிபரப்பையும் நிறுத்த முடியாது. கடைசிப் பழைய பாக்ஸ் போனால்தான் அந்த இடம் மிச்சம். அதாவது நம் வீட்டுப் பாக்ஸ் மாறுவது நம்மைவிட அவர்களுக்கு அவசரம். அப்படியிருக்க ‘உங்களுக்காக ஆஃபர்’ என்று வருகிறார்கள், நாமும் நன்றி சொல்லி ஓடிபி கொடுக்கிறோம்.

தவிர்க்க முடியாத மாற்றமும் உண்டுதான். 2010 ஜூலை 7 அன்று இன்சாட்-4பி செயற்கைக்கோளின் மின்சாரத்தில் கோளாறு ஏற்பட்டு, டிரான்ஸ்பாண்டர்களில் பாதியை அணைக்க வேண்டி வந்தது. அந்தச் செயற்கைக்கோளை நம்பியிருந்த சன் டைரக்ட் டிடிஎச் வீடுகளில் படம் போயிற்று. மலேசியாவின் மீசாட்-3 செயற்கைக்கோளுக்கு மாற வேண்டியதாகி, தமிழ்நாட்டு மொட்டைமாடிகளில் எல்லாம் டிஷ்ஷைத் திருப்பி வைத்தார்கள். 93.5 டிகிரியிலிருந்து 91.5 டிகிரிக்கு, கண்ணுக்கே தெரியாத ஒரு சின்னத் திருப்பல். அதற்காகப் பேக் ஏறவேண்டிய தேவை எதுவும் இல்லை. கருவியைச் சரிசெய்வதும் கட்டணத்தைக் கூட்டுவதும் தனித்தனி விஷயம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

*

ஐப்பசி மழையில் எச்டி பாக்ஸும் எஸ்டி பாக்ஸும் ஒன்றுதான். இரண்டிலும் சிக்னல் இல்லை.

*

அமெரிக்காவில் இந்த வியாதி இன்னும் முற்றியது. அங்கே மாதாந்திர பில், இரண்டு வருட ஒப்பந்தம், ஒவ்வொரு பாக்ஸுக்கும் வாடகை, நடுவில் விலகினால் அபராதம். பாக்ஸை மாற்றினால் ஒப்பந்தம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும் என்பதைப் பலர் விலகப்போகும்போதுதான் தெரிந்துகொள்கிறார்கள். விளம்பரத்தில் சொன்ன மலிவு விலை முதல் 12 மாதத்துக்கு மட்டும்தான் என்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை என்று டைரக்டிவி என்ற டிடிஎச் கம்பெனிமீது அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2015-ல் வழக்குப் போட்டது. 2018-ல் நீதிபதி அதன் பெரும்பகுதியை ஏற்கவில்லை; ஆணையம் வழக்கைக் கைவிட்டது. நீதிமன்றத்தில் நடக்காதது நாடாளுமன்றத்தில் ஓரளவு நடந்தது. 2019-ல் இயற்றி 2020 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, வரி, வாடகை எல்லாம் சேர்த்து மாதம் எவ்வளவு என்று ஒப்பந்தத்துக்கு முன்பே சொல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள் அபராதமின்றி விலகலாம். கொடுக்காத பாக்ஸுக்கு வாடகை வாங்கவும் கூடாது. இதற்கொரு சட்டம் தேவைப்பட்டிருக்கிறது என்பதை யோசித்தால் சிரிப்பு வருகிறது.

அந்த 24 மணி நேரம் நமக்கும் வேண்டும். ஓடிபி கொடுத்த அன்றிரவு மகனோ மகளோ போனில் படித்துச் சொல்வதற்கு அவ்வளவு நேரம் போதும்.

*

நம்மிடம் இருப்பது: 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணையத்தில் நுகர்வோரை ஏமாற்றும் 13 வகைத் தந்திரங்களைப் பட்டியலிட்டு வழிகாட்டுதல் வெளியிட்டது. கேட்காத பொருளைக் கூடையில் நைசாகச் சேர்ப்பது, முழு விலையைச் சொட்டுச் சொட்டாகச் சொல்வது, சந்தாவிலிருந்து வெளியேறும் வழியைச் சிக்கலாக்குவது, மூன்றும் அதில் உண்டு. ஆண்ட்ராய்டு பாக்ஸோடு ‘இலவச’மாக வந்து, இலவசக் காலம் முடிந்ததும் மாதாமாதம் பிடித்துக்கொள்ளும் ஓடிடி சந்தாவைப் பார்த்தவர்களுக்கு இவற்றுக்கு உதாரணம் வேண்டியதில்லை. புகாருக்கு 1915 என்ற எண் இருக்கிறது. போன் போடுவதற்கு முன் பாக்ஸ் விலைக்கு வந்ததா வாடகைக்கா, பேக் மாறிய தேதி எது என்று எழுதி வைத்துக்கொள்வது நல்லது. கம்பெனி செயலியில் கணக்கு விவரத்தில் நாள் நாளாகப் பிடித்த தொகை இருக்கும். 8 ரூபாய் 11 ஆன நாளைக் கண்டுபிடித்தால் பாதிப் புகார் தயார்.

*

பிடிக்கவில்லை என்றால் வேறு கம்பெனிக்குப் போக வேண்டியதுதானே? போகலாம். பாக்ஸை விட்டுவிட்டுப் போக வேண்டும். போனில் சிம் மாற்றுவதைப்போல இங்கே முடியாது. வேடிக்கை என்னவென்றால் 2001-ல் டிடிஎச் உரிமத்துக்கு விதிகள் எழுதியபோதே, எந்தக் கம்பெனியின் பாக்ஸும் எந்தக் கம்பெனிக்கும் பொருந்த வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். அதற்குப் பிறகு 2020 ஏப்ரலிலும் டிராய் அதையே மறுபடி பரிந்துரைத்தது. காகிதத்தில் இருக்கிறது. வீட்டுப் பரணில் இருப்பது பழைய கம்பெனி பாக்ஸ் ஒன்றும், அதற்கும் முந்தைய கம்பெனி பாக்ஸ் ஒன்றும், அவற்றின் ரிமோட்டுகளும். ரிமோட்டில் பேட்டரி கசிந்திருக்கும்.

போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். 2020 இறுதியில் நாட்டில் 7 கோடிக்கு மேல் இருந்த கட்டண டிடிஎச் இணைப்புகள் 2025 தொடக்கத்தில் 6 கோடிக்குக் கீழே வந்துவிட்டன. கொஞ்சம் பேர் இலவச டிடி டிஷ்ஷுக்கு (தமிழ்ச் சீரியல் வீட்டுக்கு அது போதாது), மிச்சம் பேர் ஃபைபருக்கும் போனுக்கும்.

*

இதனால் ஒரு நல்லது. இணைப்பை வேண்டாமென்று சொல்லும் அழைப்புக்கு இப்போது மரியாதை கூடியிருக்கிறது. என் வீட்டு இணைப்புக்காகப் பேசினேன். பேக்கைக் குறைக்க வேண்டும் என்றபோது அது முடியாது, இதுதான் குறைந்தபட்சம் என்றார் எதிர்முனையில் இருந்த பெண். அப்படியானால் துண்டித்துவிடுங்கள் என்றேன். ஒரு நிமிடம் பாட்டுப் போட்டார்கள். திரும்பி வந்து, நான் பார்க்கும் அதே சேனல்களோடு நூறு ரூபாய்க்கு மேல் குறைவாக ஒரு பேக் சொன்னார். இணையதளத்தில் எங்கும் இல்லாத பேக்.

“இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா?”

“இப்பதான் சார் சிஸ்டத்துல காட்டுது.”