ஒலி சற்றே பிந்தட்டும்

ஆகஸ்ட் 4

கிடார் வாசிப்பைப் படம்பிடிக்கிறவர்கள் பலரும் ஒலியைத் தனி ரெக்கார்டரில் பதிந்து, எடிட்டிங்கில் படத்தோடு சேர்க்கிறார்கள். சேர்க்கும்போது மயிரிழைப் பிசகு வரத்தான் செய்யும். எந்தப் பக்கம் பிசகலாம் என்பதே கேள்வி. ஒலி பிந்தலாம், முந்தக் கூடாது என்பது என் கட்சி. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 1998ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, ஒலி 45 மில்லி நொடி முந்தினாலே பார்ப்பவருக்குப் புலப்பட்டுவிடும். பிந்தினாலோ 125 மில்லி நொடி வரை புலப்படாது. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் இன்னும் கறார்: முந்த 40, பிந்த 60. இரண்டு தராசும் ஒரே பக்கம்தான் சாய்கின்றன. காரணம் எளிது. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். மண்டபத்தில் 34 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு, விரல் தந்தியை விட்டு 100 மில்லி நொடி கழித்துத்தான் நாதம் வந்து சேர்கிறது; அவர் குறை சொல்வதில்லை. மீட்டுவதற்கு முன்பே ஒலிக்கும் தந்தியை உலகில் எவரும் கேட்டதில்லை.

ஆகஸ்ட் 5

இந்த அளவுகள் தொலைக்காட்சிக்காக வகுத்தவை, கிடாருக்குச் செல்லுமா என்று கேட்கலாம். நியாயம்தான். பேச்சில் உதடு முன்னதாகவே அசையத் தொடங்குகிறது, வயலினில் வில் மெல்லக் கடிக்கிறது. இரண்டிலும் தொடக்கம் மங்கல். கிடாரில் தந்தி விரலை விட்ட கணமே ஒலி உச்சத்துக்குப் பாய்வதால் சலுகை குறைகிறது. ஆனால் குறைவது அளவுதான், சாய்வு அல்ல. ஆகவே 125 வரை தாராளம் காட்டாமல், பிந்துவதை ஒரு ஃபிரேமுக்குள், அதாவது நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் 40 மில்லி நொடிக்குள், வைத்துக்கொள்வதே என் கணக்கு. பொருத்தத்தைச் சோதிக்க ஸ்ட்ரம்மிங் உதவாது. கை ஆறு தந்திகளையும் கடக்கச் சற்று நேரம் ஆகும், அதில் எந்தத் தந்தியைக் கணமாகக் கொள்வது? தனி ஸ்வரம் மேல். கிடாரின் உடம்பில் விழும் தட்டு அதைவிட மேல். கிடாரின் உடம்பைத் தட்டியே வாசிக்கும் கலைஞர் ஆண்டி மெக்கீயின் 'டிரிஃப்டிங்' போன்ற வாசிப்பில், படப்பிடிப்பில் ஒலியையும் படத்தையும் பொருத்த அடிக்கும் கிளாப் பலகை பாட்டு முழுக்கவே அடித்துக்கொண்டிருப்பது போல் இருப்பதால் பிசகை ஒளிக்க இடமே கிடையாது.

ஆகஸ்ட் 7

மென்பொருளே கேமரா மைக்கின் அலைவடிவத்தையும் ரெக்கார்டரின் அலைவடிவத்தையும் பொருத்திவிடுகிறதே, இந்த வாதம் எதற்கு என்பது அடுத்த ஆட்சேபம். பொருத்துகிறது, ஆனால் எதோடு? கேமரா 4 மீட்டர் தள்ளி இருந்தால் அதன் மைக்குக்கு ஒலி சுமார் 12 மில்லி நொடி தாமதமாகவே எட்டுகிறது. அதோடு பொருந்தும்போது கிடாரை ஒட்டி வைத்த மைக்கின் ஒலியும் கிட்டத்தட்ட அதே 12 மில்லி நொடி பிந்துகிறது. பார்வையாளர் கேமரா இருக்கும் இடத்தில் உட்கார்ந்து கேட்டால் இருக்கும் தாமதம் அது. திருத்த வேண்டியதில்லை. சுத்தம் பார்த்து அதைக் கழிப்பவர்கள், படத்தை ஒரு முழு ஃபிரேம் நகர்த்தி ஒலியை 28 மில்லி நொடி முந்தவைத்துவிடும் ஆபத்தும் உண்டு. நகர்த்துவதானால் ஃபிரேமைவிட நுண்ணிய அளவில் நகரும் ஒலியையே நகர்த்த வேண்டும்.

தொடக்கம் சரியாக இருந்தால் முடிவும் சரியாக இருக்கும் என்று நம்ப முடியாது. நொடிக்கு 29.97 ஃபிரேமில் எடுத்ததை 30 என்று எடுத்துக்கொண்டு ஓட்டினால், 4 நிமிடப் பாட்டின் முடிவில் படம் கால் நொடி முன்னே ஓடியிருக்கும். கைபேசிகளில் ஃபிரேம் வேகமே இடையில் மாறுவதுண்டு. எனவே கடைசி ஸ்வரத்தையும் பார்க்காமல் காணொளியை வெளியிடக் கூடாது.

ஆகஸ்ட் 8

கேட்பவர் காதில் புளூடூத், அதன் தாமதமே 100 மில்லி நொடியைத் தாண்டக்கூடும், நம் 12-ஐ யார் கண்டார் என்று ஒருவர் சிரிக்கலாம். என் கட்சிக்கு இதுதான் வலுவான எதிர்வாதம்: பிந்துதலோடு பிந்துதல் கூடும். பல செயலிகள் படத்தையும் அதே அளவு நிறுத்திவைத்து ஈடுகட்டுகின்றன, எல்லாம் அல்ல. அதனால்தான் ஒரு ஃபிரேம் என்ற வரம்பு. புளூடூத்தை எதிர்பார்த்து ஒலியை முன்கூட்டியே முந்தவைக்கலாம் என்பாரும் உண்டு. கம்பியில் கேட்பவருக்கு அது அப்பட்டமாகத் தெரியும்; அவர்களில்தான் கிடார் வாசிப்பவர்கள் அதிகம் என்று நினைக்கிறேன்.